பழைய மிதிவண்டியைப் படித்தல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் என எண்ணுகிறோம். வீட்டுப் பின்கட்டில் துருவேறிக் கிடக்கும் ஒரு மிதிவண்டியும் சான்றுதான். அது எங்கே பிறந்தது, எவருடைய உழைப்பால் உருவானது, யாரைச் சுமந்தது என்பவற்றையெல்லாம் அதன் உறுப்புகளே எடுத்துரைக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது நூல். தெரியாதவருக்கு எடைக்குப் போடும் இரும்பு. சென்னையின் மேற்குப் புறநகரில் வார்க்கப்பட்ட அந்த நூலைப் படிக்கக் கற்பிக்கிறது இப்பாடம்.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு மிதிவண்டி நெடுங்காலம் சுவரில் சாய்ந்து நின்றது. அது என் தாத்தாவுடையது. 1960களின் நடுவில் அதனை அவர் வாங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் அதில்தான் அம்பத்தூர்த் தொழிற்சாலைக்குச் சென்று திரும்பினார். கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு, பின்னால் கேரியரில் மழைக்கு ஒரு மடித்த கோணி, முன்பாரில் என் தந்தைக்காகப் பொருத்திய சிறு இருக்கை. இவ்வளவே அவருடைய பயணச் சுமை.

அவர் மறைந்த பின் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் என் தந்தை. கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் தடுத்தேன். அதனைப் புதிதுபோல் ஆக்கிக் காட்டுவதாகச் சொல்லிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். துருவை வெள்ளை இரும்பு தெரியுமளவுக்குச் சுரண்டச் சொன்னேன். பள்ளங்களை மக்கு பூசி நிரப்பச் சொன்னேன். கறுப்புக்கு மாறாகச் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொன்னேன். பழைய பல்சக்கரம் போயிற்று, புதியது வந்தது. முகப்பில் இருந்த வில்லை மங்கியிருந்ததால் அதையும் கழற்றி எறிந்தேன். நான் சொன்னபடியே எல்லாம் நடந்தன.

பளபளக்கும் வண்டியை வாசலில் நிறுத்தினேன். கண்பார்வை மங்கியிருந்த பாட்டி அருகில் வந்து, முன்பாரின்மேல் கையை மெதுவாக நகர்த்தினார். சிறு இருக்கையின் பிடி பல ஆண்டுகளாக அழுத்தியதால் அங்கே ஒரு தேய்வு இருந்தது. அதைத்தான் அவர் விரல்கள் தேடின. மக்கு அதனை மூடியிருந்தது.

“வண்டி நல்லாத்தான் இருக்குப்பா. உங்க தாத்தா ஓட்டின வண்டி எங்கே?” என்றார்.

அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. பழைய மிதிவண்டிகளை அடையாளம் காணவும் பேணவும் நான் பின்னர்க் கற்றுக்கொண்டதெல்லாம் அவ்வினாவிலிருந்தே தொடங்கியது.

இரண்டு சக்கரங்களின் பிறப்பு

1817ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதில் மிதிகட்டை இல்லை. தரையைக் கால்களால் உந்தியே செல்ல வேண்டும். 1860களில் பாரிசில் முன்சக்கரத்தோடு மிதிகட்டையை இணைத்தனர். 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ மிதிவண்டி, இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கியது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் அடிப்படை வடிவம் அப்போதே அமைந்துவிட்டது. நூற்றாண்டைக் கடந்தும் அவ்வடிவம் பெரிதாக மாறாததால்தான் பழைய வண்டி ஒன்றை இன்றும் உயிர்ப்பித்து ஓட்ட முடிகிறது.

அம்பத்தூரும் ஆவடியும்

நாடு விடுதலை பெறும்வரை நம் தெருக்களில் ஓடிய மிதிவண்டிகளில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. பர்மிங்காம், நாட்டிங்காம் ஆகிய ஆங்கிலேய நகரங்களின் பெயர்களை அவற்றின் முகப்பு வில்லைகள் தாங்கியிருந்தன. விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. பர்மிங்காமில் பிறந்த ‘ஹெர்குலிஸ்’ என்னும் பெயர் அம்பத்தூரின் பெயராயிற்று. பின்னர் ‘பிலிப்ஸ்’, ‘பி.எஸ்.ஏ.’ ஆகிய பெயர்களும் அங்கிருந்து வெளிவந்தன.

மிதிவண்டியின் உடல் எஃகுக் குழாய். அக்குழாயை உருவாக்க 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் தொழிற்சாலை எழுந்தது. மிதிவண்டியின் இயக்கம் சங்கிலி. அதற்காக 1960இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்துடன் இணைந்து டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனம் அம்பத்தூரில் உருவானது. இவ்வாறு ஒரு வண்டியின் குழாயும் சங்கிலியும் சட்டகமும் சில கல் தொலைவுக்குள் பிறக்கும் நிலை ஏற்பட்டது.

இத்தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர் எவ்வாறு வந்தனர்? பூவிருந்தவல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் முதலிய ஊர்களிலிருந்து பலர் மிதிவண்டியிலேயே வந்தனர். தொலைவிலிருந்து வந்தோர் புறநகர் இரயிலில் இறங்கி, நிலைய நிறுத்தத்தில் விட்டுவைத்த மிதிவண்டியை எடுத்துக்கொண்டனர். சங்கு ஊதும் நேரத்தில் சாலை முழுவதும் மணியோசை நிறைந்திருக்கும். மிதிவண்டி செய்யும் ஊர், மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்றது. எனவே, இப்பகுதியில் ஒரு பழைய வண்டியைக் கண்டால் அதனைச் செய்த கையும் ஓட்டிய காலும் ஒரே தெருவைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

தெரியுமா?
1903இல் முதன்முதலாகப் பறந்த வானூர்தியை உருவாக்கிய ரைட் உடன்பிறப்புகள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். வானூர்தியின் இயந்திரத்திலிருந்து சுழல்விசிறிகளுக்கு ஆற்றலைக் கடத்த அவர்கள் பயன்படுத்தியவையும் சங்கிலிகளே.

அடையாளம் காணல்

கல்வெட்டறிஞர் ஒரு கல்லைக் கண்டதும் முடிவு கூறுவதில்லை. எழுத்தின் வடிவம், மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கல் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே காலத்தைக் கணிப்பார். மிதிவண்டியை அறிவதற்கும் அதே ஒழுங்கு தேவை.

முதலில் முகப்பு வில்லையைப் பார்க்க வேண்டும். கைப்பிடித் தண்டு நுழையும் முன்குழாயின் நெற்றியில் பித்தளையிலோ அலுமினியத்திலோ அது பதிக்கப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பழைய வில்லையில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். பர்மிங்காம் நகரத் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861இல் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. படைக்கலம் செய்த கைகள் பின்னர் மிதிவண்டி செய்தன என்னும் வரலாற்றை அவ்வில்லை சொல்கிறது. வில்லையின் அடியில் உள்ள ஊர்ப்பெயரைப் படித்தல் இன்றியமையாதது. ஒரே பெயருடைய வண்டி இங்கிலாந்திலும் செய்யப்பட்டது, இந்தியாவிலும் செய்யப்பட்டது. ‘ராலே’ வண்டி நாட்டிங்காமிலும் உருவானது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனத்திலும் உருவானது.

இரண்டாவது பல்சக்கரம். மிதிகட்டையோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தின் நடுப்பகுதியை அக்காலத்தில் வெறும் ஆரங்களாக விடவில்லை. நிறுவனத்தின் அடையாளத்தையே வெட்டியமைத்தனர். ராலே வண்டியில் நாரையின் தலைகள் தெரியும், பி.எஸ்.ஏ. வண்டியில் அந்நிறுவனத்தின் மூன்றெழுத்துகளே ஆரங்களாக நிற்கும். வண்ணம் உரிந்து வில்லை தொலைந்த பிறகும் பல்சக்கரம் பெயர் சொல்லும். நான் எறிந்தது அப்படிப்பட்ட ஒரு பல்சக்கரத்தை.

மூன்றாவது சட்டக எண். இருக்கைக்குக் கீழேயுள்ள மூட்டின் பக்கத்திலோ மிதிகட்டை அச்சு செல்லும் குழாயின் அடிப்புறத்திலோ எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு தொடர் உளியால் அடித்ததுபோல் பதிந்திருக்கும். வேறு எந்த வண்டிக்கும் இல்லாத தனி அடையாளம் அது. மண்ணும் எண்ணெயும் சேர்ந்து மூடியிருக்குமாயின், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாகத் தாளில் விழும். கல்வெட்டைப் படியெடுக்கும் முறையின் சிறு வடிவம் இது.

நான்காவது உறுப்புகளின் முத்திரை. இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் செய்த மூன்று வேகப் பின்சக்கரக் குடங்கள் பலவற்றில் செய்யப்பட்ட ஆண்டின் இறுதி இரண்டு எண்கள் பதிக்கப்பட்டுள்ளன. ‘62’ என்றிருந்தால் அக்குடம் 1962இல் செய்யப்பட்டது எனக் கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள உறுப்பு விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் தரச்சான்று பெற்றது. அம்முத்திரையை வழங்கிய இந்தியத் தர நிறுவனமே 1947இல்தான் தொடங்கப்பட்டது.

ஐந்தாவது அமைப்பு. நம் பெரியவர்கள் ஓட்டிய கனத்த வண்டிகளில் கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை கம்பியால் இயங்கும் தடை இருக்கும்; அதனைப் பிடித்தால் ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தின் உட்புறத்தை நோக்கி மேலெழும். சக்கரத்தின் அளவு 28 அங்குலம். ஆரக்கம்பிகள் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. சுமையின் பெரும்பகுதியைப் பின்சக்கரமே தாங்குவதால் அதற்கு எட்டுக் கம்பிகள் கூடுதல். வண்டியின் எடை ஏறத்தாழ 20 கிலோ. குழாய்கள் சந்திக்கும் இடங்களில் மூட்டுறைகளைச் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்திருப்பார்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் உறுப்பின் காலம் முழு வண்டியின் காலம் ஆகாது. நம் நாட்டில் மிதிவண்டி வாழ்நாள் முழுவதும் பழுதுபார்க்கப்பட்டு ஓடியது. 1950களின் சட்டகத்தில் 1970களின் சக்கரமும் 1990களின் இருக்கையும் இருக்கலாம். விற்பவர் சொல்லும் காலத்தையும் குடும்பத்தார் சொல்லும் கதையையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், உறுப்புகள் அவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒரு சான்றை மட்டும் நம்பாமல் பல சான்றுகளை ஒப்பிடுவதே ஆய்வு.

வண்டியில் ஒட்டியிருக்கும் சமூகம்

நிறுவனம் செய்த அடையாளங்கள் ஒருபுறம். ஓட்டியவர் சேர்த்த அடையாளங்கள் மறுபுறம். ஒரு காலத்தில் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி செலுத்த வேண்டியிருந்தது. வரி கட்டியதற்குச் சான்றாக நகராட்சியோ ஊராட்சியோ ஆண்டும் ஊர்ப்பெயரும் பொறித்த சிறு உலோக வில்லையை வழங்கும். இரவில் விளக்கின்றிச் சென்றாலும் இருவராக ஏறிச் சென்றாலும் காவலர் நிறுத்துவார். அதனால்தான் பழைய வண்டிகளில் வரி வில்லையும், பின்சக்கரத்தின் டயரில் உரசிச் சுழலும் டைனமோவும் காணப்படுகின்றன. 6 வோல்ட், 3 வாட் ஆற்றலில் ஒளிர்ந்த அவ்விளக்கு, மிதிக்கும் வேகத்திற்கேற்பக் கூடிக் குறையும்.

மட்கார்டில் பெரிய எண்ணும் கடையின் பெயரும் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தால் அது வாடகை மிதிவண்டி. சொந்தமாக வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு எனக் காசு கொடுத்து எடுத்த வண்டி அது. கால் எட்டாத சிறுவர்கள் முன்பாரின் அடியில் ஒரு காலை நுழைத்து ஓட்டிய ‘குரங்குப் பெடல்’, பெரும்பாலும் அவ்வண்டிகளில்தான் பயிலப்பட்டது. கேரியர் மட்டும் மிக அகலமாகவும் தடித்த கம்பியாலும் இருந்தால் அதன் உரிமையாளர் பால், காய்கறி, துணிமூட்டை போன்றவற்றைச் சுமந்தவர் என ஊகிக்கலாம்.

முன்பார் இல்லாத, வளைந்து தாழ்ந்த சட்டகம் சேலை கட்டியவர் ஏறுவதற்கானது. ஆனால், நம் ஊர்களில் பெண்கள் ஏறியது அத்தகைய வண்டிகளில் மட்டுமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டனர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டிகளிலேயே ஓட்டினர். வயலுக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் பிறர் துணையை எதிர்பார்த்திருந்தவர்கள் தாமே சென்றுவந்தனர்.

சீரமைப்பின் ஒழுங்கு

பழைய வண்டியைக் கையில் எடுத்ததும் முதலில் வேண்டுவது திருப்புளி அன்று, குறிப்பேடு. வண்டியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து, எண்களையும் முத்திரைகளையும் எழுதி, குடும்பத்துப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேட்டுப் பதிவு செய்தபின்னரே கழற்றத் தொடங்க வேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் பெயரெழுதிய பையில் இடுவது நலம்.

அடுத்தது தூய்மை. மண்ணெண்ணெயில் நனைத்த மென்துணி போதும். பல ஆண்டு அழுக்கின் அடியில் கறுப்பு வண்ணமும், கையால் இழுத்த மெல்லிய பொன்னிறக் கோடுகளும் பிழைத்திருக்கும். உப்புத்தாளை எடுத்தால் அவை ஒரு நொடியில் மறைந்துவிடும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல முகப்பு வில்லையையும் துலக்கிவிடக் கூடாது; பளபளப்பு வரும், அதன் பள்ளங்களில் நிரப்பிய வண்ணம் போகும். குரோமியப் பூச்சின்மேல் படிந்த மேல்துருவை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்து நீக்கலாம்.

துருவிலும் வேறுபாடு உண்டு. மேலே படிந்த துரு, காலத்தின் நிறம். அதனை எண்ணெய் பூசி நிறுத்தினால் போதும். உள்ளே அரிக்கும் துரு, நோய். வடகிழக்குப் பருவமழையில் நனையும் வண்டியில் நீர் இருக்கைக் குழாய் வழியே இறங்கி மிதிகட்டை அச்சின் அடியில் தேங்கும். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற பெருவெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ வெளியே உலர்ந்திருந்தாலும் உள்ளே நீரையும் சேற்றையும் கொண்டிருக்கும். எனவே, சக்கரக் குடங்களையும் மிதிகட்டை அச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் ‘ஓவராயில்’ என்று சொல்வது இம்முழுப் பிரிப்பைத்தான். ‘பால்ரஸ்’ எனப்படும் எஃகுக் குண்டுகள் பெரும்பாலும் முன்சக்கரத்தில் 3/16 அங்குலம், பின்சக்கரத்தில் 1/4 அங்குலம். குண்டுகள் புள்ளிவிழுந்திருந்தால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிப் புதிய கிரீசு இட வேண்டும்.

பிரிக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. இடப்பக்க மிதிகட்டையின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். அறியாதவர் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகினால் அது மேலும் இறுகும். மிதிகட்டைத் தண்டை அச்சோடு பிணைக்கும் ‘காட்டர் பின்’ பல ஆண்டுகளில் இறுகிப்போயிருக்கும். அதன்மேல் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்க வேண்டும். மறையாணியை மரையின் நுனிக்குச் சமமாக வைத்து, தண்டுக்கு அடியில் தாங்கல் கொடுத்து ஒரே அடியில் தளர்த்த வேண்டும். பொறுமையின்றிப் பலமுறை தட்டினால் ஆணி வளையும், அச்சும் கெடும்.

சங்கிலியின் தேய்வை அளவுகோலால் அறியலாம். மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் அச்சாணிக்கும் அடுத்த அச்சாணிக்கும் இடைவெளி அரை அங்குலம். 24 இடைவெளிகள் சேர்ந்தால் 12 அங்குலம். அதே நீளம் 12 1/8 அங்குலம் ஆகியிருந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது. தேய்ந்த சங்கிலி பற்களையும் கெடுக்கும். பெயர் பொறித்த பழைய பல்சக்கரத்தைக் காக்க விரும்புவோர் சங்கிலியைக் காலத்தில் மாற்ற வேண்டும். சக்கரம் ஆடினால் ஆரக்கம்பிகளைச் சிறிது சிறிதாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவர். ‘கோட்டம் எடுத்தல்’ என்று பட்டறைகளில் வழங்கும் அழகிய தமிழ்ச்சொல் இதற்கு உரியது. கோட்டம் என்றால் வளைவு.

எதைப் பேணுவது, எதை மாற்றுவது என்பதே சீரமைப்பின் உயிரான வினா. இதற்கு நான் பின்பற்றும் விதி எளியது. உயிரைக் காக்கும் உறுப்பில் பழமையைப் பாராட்டக் கூடாது. வெடித்த டயர், தேய்ந்த தடைக்கட்டை, விரிசல் கண்ட முன்கவை ஆகியவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். நினைவைக் காக்கும் உறுப்பில் புதுமையை நாடக் கூடாது. வண்ணம், வில்லை, எண், தேய்வு, ஓட்டியவர் செய்த சிறு மாற்றம் ஆகியவற்றை விட்டுவைக்க வேண்டும். மாற்றிய பழைய உறுப்பைத் துடைத்து எண்ணெயிட்டு வண்டியோடு சேர்த்தே வைக்க வேண்டும். நாளை நம்மைவிட நன்கறிந்த ஒருவர் வருவார். அவர் திருத்த இயலாத எதையும் நாம் செய்துவிடலாகாது.

உடைமையும் பொறுப்பும்

பழைய மிதிவண்டிகளைத் திரட்டிக் காக்கும் முயற்சிகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. புனே நகரில் விக்ரம் பெண்ட்சே மிதிவண்டி அருங்காட்சியகம் 2017இல் திறக்கப்பட்டது. ஒரு தனிமனிதரின் விருப்பம் ஊருக்குப் பொதுவான கல்விக்கூடமாக அங்கு மாறியிருக்கிறது. மறுபுறம், அரியானாவின் சோனிபட் நகரில் 1951இல் தொடங்கி நாடு முழுவதும் அறியப்பட்ட அட்லஸ் நிறுவனம், சாகிபாபாத்திலிருந்த தன் ஆலையின் உற்பத்தியை 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் அவை 2018இல் அறிவித்த உலக மிதிவண்டி நாளும் ஜூன் 3தான். தொழிற்சாலை மூடப்படலாம், பெயர் வழக்கொழியலாம். அதன் பிறகு அதன் உழைப்புக்குச் சான்றாக எஞ்சுவது வீடுகளில் இருக்கும் வண்டிகள் மட்டுமே. அவற்றை எடைக்குப் போடும்போது எண்ணற்ற தொழிலாளரின் கைவினையையும் எடைக்குப் போடுகிறோம்.

பாட்டி மறைந்து சில மாதங்களுக்குப் பின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். குடும்ப அட்டைகளுக்கும் பழைய கடிதங்களுக்கும் இடையே நான்காக மடித்த ஒரு ரசீது இருந்தது. மிதிவண்டி வாங்கிய ரசீது. மை மங்கியிருந்தாலும் சட்டக எண் தெரிந்தது. அன்று மாலையே சிவப்பு வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். இருக்கை மூட்டின்மேல் நானே பூசச் செய்த வண்ணத்தையும் மக்கையும் நகத்தளவு இடத்தில் மெல்ல நீக்கினேன். ஒவ்வோர் எண்ணாக வெளிப்பட்டது. ரசீதும் இரும்பும் ஒன்றையே கூறின. இருக்கைத் தண்டை உருவியபோது குழாயின் உள்விளிம்பில் பழைய கறுப்பு வண்ணம் ஒரு மோதிரம்போல் எஞ்சியிருந்தது.

தாத்தா ஓட்டிய வண்டி அங்கேதான் இருந்தது. அதைச் சொல்லப் பாட்டிதான் இல்லை. முன்பாரின் தேய்வை நான் மீட்க முடியவில்லை. மக்கை நீக்கினால் அதன் அடியில் முன்பே சுரண்டப்பட்ட வெற்றிரும்புதான் இருக்கும். சிவப்பு வண்ணத்தை இனி அப்படியே விட்டுவிட்டேன். என் பிழையும் அவ்வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியே.

மாணவர்களே! தமிழக அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. உங்களில் பலர் இவ்வாண்டு அதனைப் பெறுவீர்கள். அது இன்று புதியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பழையது. அதன் சட்டக எண்ணை இன்றே தேடிப் படித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்ற நாளையும் பள்ளியின் பெயரையும் அருகில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். வருங்காலத்தில் உங்கள் பேரனோ பேர்த்தியோ அவ்வண்டியைப் படிக்க விரும்பினால், அந்த ஒரு வரி அவர்களுக்குப் போதும்.

தெரிந்து தெளிவோம்

மிதிவண்டிக்குத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. இரண்டு உருளைகளை உடையதால் ‘ஈருருளி’ எனப்பட்டது. வடமொழிச் சொற்களால் அமைந்த ‘துவிச்சக்கர வண்டி’ இலங்கைத் தமிழில் இன்றும் வழங்குகிறது. மிதித்து இயக்குவதால் அமைந்த ‘மிதிவண்டி’ தமிழ்நாட்டில் நிலைபெற்றது.

சொல்லும் பொருளும்

சட்டகம் – வண்டியின் உடலாக அமைந்த குழாய்க்கட்டு
வில்லை – தட்டையான சிறு தகடு
மரை – திருகாணியின் சுற்றுவரி
கவை – இரண்டாகப் பிரிந்த அமைப்பு
கோட்டம் – வளைவு
படியெடுத்தல் – உள்ளது உள்ளவாறு நகல் எடுத்தல்

இலக்கணக் குறிப்பு

மிதிவண்டி – வினைத்தொகை
எழுத்தும் எண்ணும் – எண்ணும்மை
தேய்ந்த சங்கிலி – பெயரெச்சம்
எறிந்தேன் – தன்மை ஒருமை வினைமுற்று

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பழைய மிதிவண்டி ஒன்றின் சட்டக எண்ணைத் தாளில் தேய்த்துப் படியெடுத்து, உறுப்புகளின் முத்திரைகளைப் பட்டியலிடுக. அவை ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதி மிதிவண்டிப் பழுதுநீக்குநர் ஒருவரிடம் உரையாடி, அத்தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
3. முன்பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்பல்சக்கரத்தில் 18 பற்களும் உள்ளன. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் எனில், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது வண்டி செல்லும் தொலைவைக் கணக்கிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. முகப்பு வில்லையில் உள்ள ஊர்ப்பெயரைப் படிப்பது ஏன் இன்றியமையாதது?
2. மேல்துருவுக்கும் அரிக்கும் துருவுக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
1. அம்பத்தூர், ஆவடிப் பகுதி மிதிவண்டித் தொழிலில் பெற்ற இடத்தை விளக்குக.
2. ‘ஓர் உறுப்பின் காலம் முழு வண்டியின் காலம் ஆகாது’ – இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

நெடுவினா
‘உயிரைக் காக்கும் உறுப்பில் பழமையைப் பாராட்டக் கூடாது, நினைவைக் காக்கும் உறுப்பில் புதுமையை நாடக் கூடாது’ – பாடக்கருத்தின் துணையுடன் உங்கள் பார்வையைக் கட்டுரையாக்குக.